பிறவாதோர் இருக்கை

செவ்வாய்க்கிழமை வட்டக் கூட்டத்துக்கு நான் போனபோது, ஒருங்கிணைப்பாளர்கள் இருவரும், ஒவ்வொருவர் சம்மதத்தையும் மறுப்பையும் பதிவுசெய்யும் கருத்தளவிக் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண், அறுபது நாள் பதவி. வேலை பிடிபடுகிற நேரத்தில் ஆளை மாற்றிவிடுவோம். பசுமைக் கட்சியின் வழக்கம் அது. இப்போது ஆட்சியின் வழக்கமும் அதுதான்.

நாற்பது வருடம் முன்பு, கழிமுகத்தில் சாம்பல் கொட்டுவதை எதிர்த்துப் பாலத்தில் உட்கார்ந்தோம், பதினோரு பேர். எங்கள் தலைவர் ஆலைக்காரர்களோடு கைகுலுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆத்திரத்தில் தலைவரே வேண்டாம் என்று கட்சிக்கு விதிகள் எழுதினோம். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். சொந்தக்காரர் விஷயத்தில் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. சில வருடம் கழித்து, இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் ஓர் இருக்கை வைத்தோம். அவர்களால் பேச முடியாது என்பதால், அவர்கள் சார்பில் உட்காருபவர் வாய்திறந்து சம்மதிக்காவிட்டால் அந்த இருக்கையின் மௌனம் மறுப்பாகக் கொள்ளப்படும். அந்த வரியை எழுதியது நான். அன்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

இந்த ஆறு மாதம் அந்த இருக்கை குலுக்கலில் எனக்கே விழுந்திருந்தது.

அன்றைய தீர்மானம் சின்னது. எங்கள் பகுதி டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரம் இரண்டு நாள் மின்பங்கு கிடைக்கிறது. அதை மூன்றாக்க வேண்டும். என் கணவர் குணாளனுக்கு இரண்டு நாள் போதவில்லை. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, சாய்ந்தபடியே தூங்குகிறார். உடம்பில் நீர் சேர்ந்துவிடும் என்று குடிக்கிற தண்ணீரும் அளந்துதான்.

எல்லோரும் சம்மதித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் இஸ்மத் என் பக்கம் திரும்பினாள்.

"பிறவாதோர் இருக்கை?"

நான் பேசவில்லை. இரண்டாவது முறையும் கேட்டாள். சொந்தக்காரர் விஷயம் என்பதால் பயமாக இருந்தது. மூன்றாவது முறை, "சம்மதம்" என்றேன்.

கருத்தளவி சிவப்பானது. இஸ்மத் திரையைப் படித்தாள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு பேரு டயாலிசிஸ் பட்டியல்ல இருக்கு. நீங்க சொன்னது செல்லாதாம். பேசாத மாரிதான் பதிவாவுது. பேசலன்னா மறுப்பாம்."

"அப்ப நான் எந்திரிச்சிடறேன். வேற ஆள உக்கார வைங்க."

"ஆறு மாசத் தவணை முடியறவரைக்கும் மாத்த முடியாதுக்கா. இன்னும் நாலு மாசம் கீது."

"விதிய திருத்தலாமே?" என்றார் இன்னொரு ஒருங்கிணைப்பாளர் நாகப்பன்.

"அதுக்கும் எல்லாரும் ஒத்துக்கணும்ணே. இவங்க இருக்கையும் சேத்து." இஸ்மத் கண்ணைக் கசக்கினாள். "இத யாருக்கா எழுதுனது?"

"நான்தாம்மா."

இரண்டு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக யாரையும் நாங்கள் வைத்ததும் இல்லை. தீர்மானம் தள்ளுபடி ஆனது. அடுத்ததாக மரக்கன்றுகளைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு நான் சம்மதம் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தது.

வீட்டில் குணாளன் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கையில் தண்ணீர் டம்ளர்.

"யார் மறுத்தாங்க?" என்றார்.

"நான்."

விளக்கிச் சொன்னேன். பாலத்தில் உட்கார்ந்த பதினோரு பேரில் அவரும் ஒருவர், சீக்கிரம் புரிந்துவிட்டது. கோபித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நாலு மாசம்தான?" என்றார். டம்ளரில் இருந்ததில் பாதியைத் திரும்பக் குடத்தில் ஊற்றினார்.