ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்தீர்கள்?

"தலையை அங்குட்டுப் போயி உதறக் கூடாதா? யாரோ ஒருத்தரோட வருமானச் சான்றுங்க இது… தெப்பமா நனைச்சுட்டீகளே."

ஐப்பசி மழைக்கு உள்ளே ஓடிவந்தவன் அப்படியே நின்றுவிட்டான். செக்காலை ரோட்டில் அந்த ஆன்லைன் கடையை நடத்துகிற காளீஸ்வரி, பிரிண்டரிலிருந்து அப்போதுதான் எடுத்த தாளைத் துப்பட்டா நுனியால் ஒற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். நிமிர்ந்தவளுக்குத் திட்ட வைத்திருந்த மிச்சம் மறந்துபோனது. இமை முடியெல்லாம் தண்ணீர் நிற்க, சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று முழிக்கிற கண்கள்… என்ன கண்ணுடா சாமி இது…

"வேற தாள் போட்டுக்கங்க. காசு நான் தந்துர்றேன்."

"மழைக்கும் சேத்துத் தருவீகளா?"

அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை உருவினான். ஆள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். மூன்று பாலித்தீன் பைக்குள் இருந்த ஃபைல் மட்டும் துளி ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

பெயர் ஆசைத்தம்பி. தச்சு வேலை. கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்க விண்ணப்பிக்கிறான். இங்கிலீஷ் பரீட்சையை மூன்றாம் தடவையில் தாண்டி, அழைப்பும் வந்துவிட்டது. அறுபது நாளைக்குள் எல்லாக் காகிதமும் போய்ச் சேர வேண்டும். அதில் முப்பது நாள் கடை கடையாக அலைந்ததிலேயே கரைந்துவிட்டது. காளீஸ்வரிக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பம் வரைக்கும்தான் பழக்கம். ஆனாலும், "உக்காருங்க, படிச்சுப் பாப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

படித்ததில் தெரிந்தது இதுதான். பத்து வருஷத்தில் ஒரு மாதம்கூட வெற்றாக விடக்கூடாது. ஒவ்வொரு மாதமும் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று எழுத வேண்டும். இவன் கொண்டுவந்த கணக்கிலோ வருஷத்துக்கு இரண்டு ஓட்டை.

"ஆடியில என்ன பண்ணுனீக?"

"சும்மா இருந்தேன்."

"மார்கழியில?"

"அதுலயும் சும்மாதான். அந்த மாசத்துல யாருங்க வீட்டுக்கு நிலை வைப்பா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதைக் கனடாக்காரனுக்கு எப்படி விளக்குவது? எங்கள் பக்கம் இந்த இரண்டு மாதமும் வாசல்நிலை வைக்க மாட்டார்கள், தச்சனுக்கு வேலை இருக்காது என்று தட்டித் தடவி எழுதினாள். துருவிக் கேட்டதில், சில வருஷம் அந்த மாதங்களில்தான் அவன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போயிருக்கிறான். அதையும் எழுதினாள்.

பெரிய பள்ளம் அடுத்து வந்தது. ஆறு வருஷம் வேலை வாங்கிய காண்ட்ராக்டர், வேலை பார்த்ததாக ஒரு வரி எழுதித்தர மாட்டேன் என்றுவிட்டாராம். லெட்டர் கொடுத்தால் நீ போய்விடுவாய், போகாவிட்டால் பி.எஃப். கேட்பாய் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாராம்.

அன்று இரவு சாப்பிடும்போது காளீஸ்வரிக்குச் சட்டென்று உறைத்தது. நிலை வைக்கிற அன்றைக்கு வீட்டுக்காரர் ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்து, மாலை போட்டு, பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பாரே… காண்ட்ராக்டர் கொடுக்காத சாட்சியை வீட்டுக்காரர்கள் கொடுக்கட்டுமே.

நாச்சியாபுரம் தொடங்கி அவன் நிலை வைத்தது பத்தொன்பது வீடு. அவன் ஏறி இறங்கிப் படங்களும், ஆளுக்கொரு கையெழுத்துக் கடிதமும் வாங்கிவந்தான். அவள் தேதிவாரியாக அடுக்கினாள். படத்துக்குப் படம் மாலையும் கழுத்துமாக, கூச்சத்தோடு அதே கண்கள்… ஒரு படத்தைத் தேவைக்கு மேலேயே பெரிதாக்கிப் பார்த்தாள்.

எல்லாம் அடுக்கியும் பதினோரு மாதம் இடித்தது. ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. கேட்டாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? சொந்தத் தொழில்னு போடுங்க."

"பொய்யா எழுதினா மொத்தமும் போயிரும்."

"அப்பப் போகட்டும்."

ஃபைலை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் வாசலில் நிழலாடினால் போதும், அவள் தலை தானாக நிமிர்ந்தது. சே… யாரோ எவரோ, நமக்கென்ன என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கேட்கவில்லை மனசு.

மூன்றாம் நாள் வந்தான். உட்காராமலே, சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னான். மரம் அறுக்கிற மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. உளி பிடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் அக்கா நடத்துகிற இட்லிக் கடையில் பதினோரு மாதமும் எச்சில் தட்டு கழுவினான்.

காளீஸ்வரி ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. 'குடும்பக் கடையில் சமையல்கட்டு உதவியாளர்' என்று இங்கிலீஷில் அடித்துத் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதுவும் வேலைதான். உங்களுக்காவது எழுத இது இருக்கு. நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோயி, ரெண்டு வருஷம் எங்க வீட்ல என்னைய வாசப்படி தாண்ட விடலை. அதுக்கு நான் என்னன்னு எழுதுறது?"

அவன் விறுவிறுவென்று வெளியே போனான். போய்விட்டான் என்றே நினைத்தாள். இரண்டு கிளாஸில் டீயோடு திரும்பி வந்தான்… ஆவி பறக்கிற கிளாஸை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். இருவரும் குடித்து முடித்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமையோடு எல்லாம் தயார். ஒரு பொத்தானை அமுக்கினால் போய்விடும். போய்விட்டால்… அவனும் வரமாட்டான். "கனடா சர்வர் படுத்துருச்சு, நாளைக்கு வாங்க" என்று, கை கீபோர்டைத் துடைக்க, அவள் வாய் தானாகச் சொன்னது. சனிக்கிழமையும் சொன்னது. ஞாயிறும், திங்களும்கூட.

செவ்வாய் கடைசி நாள். மாலை நாலு மணிக்கு வந்தான்.

"இன்னைக்காவது சர்வர் இருக்கா?"

அவள் மவுஸின் மேல் விரலை வைத்தாள். ஒரு ஆளின் பத்து வருஷப் பாடு இந்த விரலுக்கடியில் கிடக்கிறது…

"சர்வர் வெள்ளிக்கிழமையே நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன். அனுப்பிட்டா நீங்க வர மாட்டீகன்னு… உங்க பொழப்புல விளையாண்டுட்டேன். திட்டுறதுன்னா திட்டிருங்க."

தலை நிமிர அவளுக்குத் தைரியம் இல்லை.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்க பொய் சொல்லையில கீபோர்டைத் துடைப்பீக. நாலு நாளா அது பளபளன்னு இருக்கு."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீக? தேதி போயிருந்தா?"

"ராத்திரி தூக்கமே இல்லைங்க. காலையில கட்டாயம் கேட்டுப்புடணும்னுதான் வருவேன். உங்களப் பாத்ததும், இன்னும் ஒரு நாள் இருக்குலன்னு தோணும்…" குரல் தணிந்தது. "விண்ணப்பத்துல கல்யாணம் ஆகாத தனியாள்னு போட்டிருக்குல்ல, அது அப்படியே இருக்கட்டும். முடிவு வர்றதுக்குள்ள கல்யாணம் ஆனா அவங்களுக்குத் தெரிவிக்கணும்னு இருக்கு. நாலு தடவை படிச்சேன். தெரிவிக்க எனக்கு ஆசைதான்… நீங்க சம்மதிக்கணும்."

கண்ணில் நின்ற தண்ணீரில் திரை கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. விண்ணப்பம் பெறப்பட்டது என்று வந்தது. இருவரும் மூச்சு விட்டார்கள்.

"நாளைக்கும் வாங்க," என்றாள்.

"எதுக்கு? எல்லாம்தான் அனுப்பியாச்சே?"

காளீஸ்வரி கீபோர்டைத் தொடவில்லை. நேராக அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"கடைக்கு இல்ல… எங்க வீட்டுக்கு. அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க."