பஞ்சாமிர்தம் சாப்பாட்டில் சேருமா?

திருத்தணி மலைப்பாதையின் வளைவுகளில் ஒற்றைக் கையால் ஆட்டோவைத் திருப்புகிறவர் டில்லிபாபு. அப்பேர்ப்பட்ட வீரருக்கு ஊசியைக் கண்டால் மட்டும் முழங்கால் தந்தியடிக்கும். தெருவுக்கே தெரிந்த சேதி இது.

அவருக்குச் சர்க்கரை நோய். "இந்த வாட்டியும் வெறும் வயித்துல சர்க்கரை ஏறியிருந்தா, தினமும் இன்சுலின் ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ரத்தப் பரிசோதனைக்கு மகள் தனுஜாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். துணைக்காம். யாருக்கு யார் துணை என்று கேட்கக் கூடாது.

தெருமுனையில் கௌரியம்மாள் வந்தார். தினமும் விடியலில் மலைக்கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர். எதிரில் யார் வந்தாலும் விடமாட்டார்.

"கைய நீட்டு, பாபு."

பஞ்சாமிர்தம் கையில் விழுந்தது. மறுநொடி வாய்க்குள் போனது.

"நைனா, வெறும் வயித்துல வரச் சொன்னாங்களே."

"பிரசாதம் சாப்பாட்டுல சேராது பாப்பா."

தனுஜா நடையை நிறுத்தி யோசித்தாள். போன தடவையும் இப்படித்தானே கையை நீட்டினார்? சர்க்கரை ஏறினது அதனால்தானோ?

லேபில் ரத்தம் எடுக்கும் தேவசுந்தரி ஊசியைப் பிரித்தார். "எதுவும் சாப்பிடலையே?"

"பச்சத்தண்ணிகூட இல்ல மேடம்" என்றார் டில்லிபாபு, கூரையைப் பார்த்தபடி.

தனுஜாவால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. சொன்னால் நைனாவுக்கு மானம் போகும். சொல்லாவிட்டால் தினமும் ஊசி.

"அக்கா, ஒரு சந்தேகம். பஞ்சாமிர்தம் சாப்பாட்டுல சேருமா?"

ஊசி அப்படியே நின்றது. டில்லிபாபுவின் மீசையில் ஒட்டியிருந்த பேரீச்சம்பழத் துணுக்கைத் தேவசுந்தரி அப்போதுதான் கவனித்தார்.

"சாமி கணக்குல சேராது. சர்க்கரைக் கணக்குல நல்லாச் சேரும். நாளைக்கு வாங்க."

"இப்படி மாட்டிவுட்டியே" என்று வழியெல்லாம் புலம்பினார் டில்லிபாபு.

"மாட்டிவுடல நைனா. ஊசிகிட்டேந்து காப்பாத்திகினு இருக்கேன்."

மறுநாளும் அதே தெருமுனை, அதே கௌரியம்மாள். "கைய நீட்டு, பாபு."

பழக்கதோஷம், கை தானாக எழுந்தது. அதற்குள் தனுஜா தன் டிபன் டப்பாவை நீட்டினாள்.

"இன்னாடி, உங்கப்பன் சாமி பிரசாதத்தையே வேணான்றானா?" இதைப் பக்கத்து ஊரான கனகம்மாசத்திரம் வரைக்கும் பரப்ப கௌரியம்மாளுக்கு அரைநாள் போதும்.

"வேணான்னு யாரு சொன்னது பெரிம்மா? இதுல போடுங்க. நைனா பங்கையும் சேர்த்து."

அன்று வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தார். சாயங்காலம் முடிவு வந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. மாத்திரையே போதும், ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

டில்லிபாபுவின் முழங்கால் ஒருவழியாக ஓய்ந்தது. "ஒரே ஒரு துளி, பாப்பா. நாக்குல வெச்சிக்கிறேன்."

தனுஜா டப்பாவைத் திறந்து கவிழ்த்துக் காட்டினாள். காலி.

"அவ்ளோத்தையும் தின்னுட்டியா?"

"பிரசாதம்தான் சாப்பாட்டுல சேராதே நைனா" என்று விரலை நக்கினாள் தனுஜா.