நம்பிராஜன் விழுங்கிய மாத்திரை

"ஐயோ...!"

பிள்ளைப்பாக்கம் லேடீஸ் ஹாஸ்டலின் ஆபீஸ் பாத்ரூமிலிருந்து எழுந்த அலறலில், காலை ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்கள் அப்படியே நின்றார்கள்.

உள்ளே நம்பிராஜன். ஹாஸ்டல் ஓனர். ஒரகடம் ஃபேக்டரிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர்.

சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது!

நேற்றுதான் டிபி மாத்திரை ஆரம்பித்தான். அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ் எவாஞ்சலின் தன் கையாலேயே கொடுத்தாள். அவன் விழுங்கும்வரை கண் இமைக்காமல் பார்த்தாள்.

போன வருஷம் இதே ஹாஸ்டலில் இருமி இருமியே செத்துப்போன ஜூலியின் அக்கா அவள்!

போலீசுக்குப் போன் அடித்து அவள் பெயரைச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம் எவாஞ்சலினையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"சார்! இவதான் விஷம் வச்சிட்டா! ரத்தமா போவுது சார்!"

"ஒரு நர்ஸு உனக்கு எதுக்குய்யா விஷம் வைக்கணும்?"

"பழி வாங்குறா சார்! இவ தங்கச்சி மாத்திரைய நான்தான்..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எவாஞ்சலின் நெருங்கினாள். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது.

"உள்ளதச் சொல்லுங்க சார்... அப்பறம் வைத்தியம் பாக்கலாம்."

உடைந்தான்.

"மாத்துனது நான்தான்! ஹாஸ்டல்ல டிபின்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் காண்ட்ராக்ட கேன்சல் பண்ணிடுவான்... அவ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினே இருந்தா வெளிய தெரிஞ்சிடும்... நானே வாங்கியாறேன்னு சொல்லி சத்து மாத்திரைய குடுத்தேன்! செத்துடுவான்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்! போதுமா? என்ன காப்பாத்து!"

வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஜூலியின் ரூம்மேட் மோகனப்ரியாவின் செல்போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

எவாஞ்சலினின் கண்கள் கலங்கின.

"இது ரத்தமும் இல்ல, விஷமும் இல்ல சார். ரிஃபாம்பிசின்னு ஒரு டிபி மருந்து. அதப் போட்டா சிவப்பாத்தான் போகும். எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிடுவேன்... இவருக்கு மட்டும் சொல்லல!"

"உங்களுக்கு எப்படிம்மா சந்தேகம் வந்துச்சு?"

"என் தங்கச்சிக்கு ஒருநாள்கூட அப்படிப் போகலியாம். மோகனப்ரியா சொன்னா."

கையில் விலங்கு விழுந்தது. நம்பிராஜன் இருமலுக்கு நடுவே முனகினான்.

"அப்ப... நான் சாக மாட்டேனா?"

"மாட்டீங்க சார். ஜெயில்லயும் மாத்திரை தருவாங்க... ஒரு வேளகூட விடாம போடுங்க. ஆயுள் தண்டனைய அனுபவிக்க... ஆயுள் வேணும்ல!"