இரட்டை மூக்குப் படம்

"எனக்கு ரெண்டு மூக்கா?"

பம்பரம் இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் பம்பரம். இன்னொருத்தி, அந்தப் படத்தை எடுத்த மிளகு.

இரண்டுமே பட்டப்பெயர்கள்தான். ஓரிடத்தில் நிற்கத் தெரியாததால் அவன் பம்பரம். உருவம் சிறிதாகவும் கோபம் பெரிதாகவும் இருந்ததால் அவள் மிளகு.

ஐந்தாம் வகுப்புச் சுவரில் எல்லோருடைய முகமும் இருக்க வேண்டும், பெற்றோர் வந்து பார்ப்பார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். "எங்க மாமாவோட டிஜிட்டல் கேமரா இருக்கு டீச்சர், நான் எடுக்கறேன்" என்று முதலில் கை தூக்கியது மிளகுதான். எடுத்தும் முடித்தாள். கேமராவின் பின்பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. அதில் எல்லாப் படங்களும் பளிச்சென்று இருந்தன. பள்ளி அலுவலகத்தில் பெரிதாக அச்சடித்து வந்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. மற்றவர்கள் தப்பித்துவிட்டார்கள். பம்பரத்தின் முகம் மட்டும் ஈரத்தில் ஊறிய மை போலக் கலங்கிக் கிடந்தது. ஒரு மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு.

"நீ வேணும்னேதான் இப்படி எடுத்திருக்கே" என்றான் பம்பரம்.

"நீ ஆடிக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது? உன்னைக் கட்டிப் போட்டுட்டா எடுக்க முடியும்?"

"எனக்குத் தெரியும். அன்னிக்கு உன் பென்சிலை உடைச்சேனே, அதுக்குத்தான் பழிவாங்கறே."

"ஓ, அதை உடைச்சது நீதானா?"

பம்பரம் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்த நொடி, படத்தைச் சுவரிலிருந்து பிய்த்து நான்காகக் கிழித்துப் போட்டான். மிளகு அவன்மேல் பாயப் போன நேரத்தில் டீச்சர் உள்ளே வந்தார்.

"போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க. நாளைக்கு மதியம் எல்லாரோட அப்பா அம்மாவும் வர்றாங்க. அதுக்குள்ள நல்ல படம் கிடைச்சா ஒட்டலாம். இல்லேன்னா அந்த இடத்துல பேரை மட்டும் எழுதி வெச்சிடலாம்."

"பேரு மட்டுமா?" பம்பரத்தின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "எங்கம்மா அரை நாள் லீவு போட்டுட்டு வர்றாங்க டீச்சர்."

அவனுடைய அம்மா பேருந்து ஓட்டுநர். அவர் பள்ளிக்கு வந்து மிளகு ஒருநாளும் பார்த்ததில்லை.

அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பென்சிலை உடைத்தவன்மேல் வந்தது. சிரித்தவர்கள்மேல் வந்தது. சின்னத் திரையில் நல்ல பிள்ளை போல நடித்த கேமராமேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையை மூலையில் வீசினாள். கூடத்தில் உட்கார்ந்தபடி அண்ணன் ஒரு ரப்பர் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, ஸ்டூடியோக்காரம்மா மூஞ்சி சிவந்திருக்கு?"

"பேசாதே. இது கேமராவே இல்லை. டப்பா."

"டப்பா என்ன பண்ணும் பாவம்? நீ பட்டனை அமுக்கறதைப் பாத்தா மூட்டைப்பூச்சியை நசுக்கற மாதிரி இருக்கு."

மிளகுக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் சொல்வது பொய் என்று காட்டுவதற்காகவே, பம்பரத்தின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள்.

"இதைப் பாரு. அவன் மூஞ்சி கலைஞ்சிருக்கு. ஆனா பின்னாடி கரும்பலகையில எழுத்து ஊசி மாதிரி தெரியுது. என் கை ஆடியிருந்தா எழுத்தும்தானே கலைஞ்சிருக்கும்? ஆடினது அவன்தான்."

"சரி, அடுத்ததைக் காட்டு."

அடுத்த படத்தில் முகமும் கலைந்திருந்தது, எழுத்தும் கலைந்திருந்தது. எல்லாமே கீழ்நோக்கி இழுத்துவிட்ட மாதிரி இருந்தன. 'ஆடாதேன்னு சொன்னா கேக்க மாட்டியா' என்று கத்திக்கொண்டே பட்டனைக் குத்தியது மிளகுக்கு நினைவு வந்தது.

"அடுத்தது ஒண்ணுமில்லை" என்று திரையை அணைத்தாள்.

அண்ணன் சிரித்தான். பந்து மீண்டும் மேலே போனது. கடுப்பில் மிளகு அந்தப் பந்தையே படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கோடு. மறுபடி எடுத்தாள். மறுபடியும் கோடு. கதவு நிலையில் சாய்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பட்டனை மெதுவாக அமுக்கினாள். இப்போது சுவர் தெளிந்தது, பந்து தெளியவில்லை.

"பால்கனிக்கு வா. வெயில்ல போடு."

"நான் உனக்கு வேலைக்காரனா?"

"போடுன்னா போடு."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் எழுந்து வந்தான். வெயிலில் கோடுகள் குட்டையாயின. நடுவில் ஒரே ஒரு படத்தில், பந்து காற்றில் ஒட்டவைத்தது போல நின்றது. அதன்மேல் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

மிளகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் பந்து உச்சியில் இருந்தது.

"அண்ணா, மேலே போன பந்து கீழே இறங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்குது."

"எவ்வளவு நேரம்?"

"எனக்குப் போதுமான நேரம்."

மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே மைதானத்தில் பம்பரத்தைப் பிடித்தாள்.

"வரமாட்டேன்" என்றான் அவன். "திரும்பவும் ரெண்டு மூக்கு வரும்."

"வந்தா சுவத்துல இருக்கற என் படத்தையும் கிழிச்சுப் போட்டுடு."

பம்பரம் யோசித்தான். பேரம் நியாயமாகத்தான் இருந்தது. "சரி. ஆடாம நிக்கணும், அதானே?"

"வேண்டாம்."

"என்னது?"

"நிக்கச் சொன்னா நிக்கவா போறே? குதி."

பம்பரம் அவளை விநோதமாகப் பார்த்தான். வீட்டிலும் வகுப்பிலும் வரிசையிலும் இதுவரை யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. "நிஜமாவா?"

"நிஜமாத்தான். அந்த இடத்துலயே குதி. என்னைப் பாத்துக் குதி."

மிளகு தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்தாள். சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தாள். பட்டனைப் பாதி அமுக்கியதும் திரையில் அவன்மேல் பச்சைக் கட்டம் விழுந்தது; கேமரா அவனைக் குறிவைத்துவிட்டது. விரலை எடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் படத்தில் செருப்பு மட்டும் விழுந்தது. இரண்டாவதில் முழு ஆளும் இருந்தான். அங்கேயே பெரிதாக்கிப் பார்த்தாள்; ஆனால் மூக்கு இழுபட்டிருந்தது. தாமதமாக அமுக்கிவிட்டாள்.

"உனக்குப் படம் எடுக்கவே தெரியாது" என்று பம்பரம் கத்தினான்.

"உனக்குக் குதிக்கவே தெரியாது. தவளை உன்னைவிட நல்லா குதிக்கும்."

"யாரு தவளை? நீதான் தவளை, உன் கேமரா தவளை, உன் மாமா..."

திட்டிக்கொண்டே முழு வேகத்தில் எம்பினான். உச்சியில், அவன் நின்ற அந்தத் துளி நேரத்தில், மிளகு பூ மாதிரி பட்டனை அமுக்கினாள்.

இருவரும் தலையை முட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். காலரில் இருந்த மைக்கறை, சட்டைப் பொத்தானில் தொங்கிய நூல், திட்டுவதற்காகத் திறந்த வாயில் ஒவ்வொரு பல், எல்லாம் தெரிந்தன.

"ஒரு மூக்குதான் இருக்கு" என்றான் பம்பரம் மெதுவாக.

"எண்ணிக்கோ." பிறகு எங்கோ பார்த்தபடி சொன்னாள்: "முன்னாடி எடுத்ததுல ஒண்ணு என் கையாலதான் கெட்டுச்சு. மத்ததெல்லாம் உன்னால."

"பென்சிலும் ஒண்ணுதான் உடைச்சேன்."

"அதை அப்புறம் பேசிக்கலாம்."

மதியம் பம்பரத்தின் அம்மா சீருடையோடு வந்தார். சுவரில் எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பறந்துகொண்டிருந்தான்.

"இவன் மட்டும் ஏன் இப்படி?" என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள்.

"இவன் இப்படித்தாங்க இருப்பான்" என்றார் அவன் அம்மா. அந்தப் படத்தின் முன்னாலிருந்து அவர் வெகுநேரம் நகரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பம்பரமும் நகரவில்லை.

மிளகு நிம்மதியாகத் திரும்பினாள். பின்னால் வகுப்பு முழுவதும் முறைத்துக்கொண்டு நின்றது.

"அவனை மட்டும் பறக்க விட்டுட்டு எங்களை ஏன் மண்ணு மாதிரி உக்கார வெச்சே?"

மிளகுக்கு மறுபடியும் கோபம் வந்தது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள்.

"வரிசையா வாங்க. எவனாவது ஆடாம நின்னான்னா, தொலைச்சிடுவேன்."