சுந்தரவல்லியின் பெட்டி

அடையாறு காந்தி நகரில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கக் கலீமுல்லாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்றுப் பக்கமாக நடந்தால் பாசி காய்ந்து கறுத்த காம்பவுண்டுச் சுவர், உள்ளே வேப்பமரம், அதன் கீழே கிணறு. 1975ஆம் வருடம், மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. மெட்ராஸே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிய கோடை அது. இந்த வீட்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டுக்குள் ஏதோ வறண்ட நாற்றம் அடித்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த மருந்து அலமாரியின் நாற்றம்.

கலீமுல்லா அக்கார்டியன் வாசிப்பவன். திருவல்லிக்கேணியில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தான். கூப்பிட்டால் சினிமா ஒலிப்பதிவுகளுக்கும் போவான். அப்படிப் போன இடத்தில் ஒருநாள் பம்பாயிலிருந்து வந்த, மின்சாரத்தில் ஒலி எழுப்பும் சின்தசைசர் என்ற வாத்தியத்தைப் பார்த்தான். பீரோ அளவுக்கு இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு விரலால் தொட்டான். அது எழுப்பிய ஒலி பல வாரங்கள் அவன் காதை விட்டுப் போகவில்லை. அதே மாதிரி ஒன்று சூட்கேஸுக்குள் அடங்கும் அளவில் அடையாற்றில் விலைக்கு இருப்பதாக ஹார்மோனியம் ரிப்பேர்க்காரர் சொன்னபோது, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினான்.

வீட்டுக்காரர் அய்யாதுரை தென்காசிப் பக்கத்துக்காரர். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. அறுபது வயதிருக்கும். மனைவி சுந்தரவல்லி சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தார். அவருடைய தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய பெட்டி இது. பிப்ரவரியில் சுந்தரவல்லி இறந்துவிட்டார். இனி வாசிக்க ஆளில்லை என்றார் அய்யாதுரை. விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை; கலீமுல்லா சொன்னதற்குத் தலையாட்டினார். போட்டுக் காட்டச் சொன்னபோது மட்டும் பெட்டி இருந்த அறையின் வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

"பிளக்கு அங்க இருக்கு. நீங்களே போட்டுப் பாருங்க."

பெட்டி வெளியே போவதைப் பார்த்து, தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி வேலம்மா எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

அடுத்த பத்து நாட்கள் கலீமுல்லாவின் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். மசூதிக்குப் பின்சந்தில், மாடியில் ஒற்றை அறையும் சமையல் மூலையும்தான் வீடு. மேசைமேல் பெட்டியைத் திறந்து வைப்பான். ஒரு பாதியில் திருகுகளும், சின்னச் சின்ன ஊசிகளைக் குத்தும் பலகையும். எந்த ஊசியை எங்கே குத்துகிறோமோ அதற்கேற்ப ஒலி மாறும். காற்று வரும், கடல் வரும், எங்கோ தூரத்தில் ரயில் போகும். மற்றப் பாதியில் கட்டைகளே கிடையாது. தட்டையான உலோகத் தகட்டில் கட்டைகளைப் படமாக வரைந்திருந்தார்கள். விரலின் தோல் பட்டால் போதும், பாடும். எல்லாவற்றையும்விட அவனை மயக்கியது சீக்வென்சர். வாசித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, விரலை எடுத்த பிறகும் அது திரும்பத் திரும்ப வாசிக்கும். விரல் எங்கே தயங்கியதோ அங்கே அதுவும் தயங்கும். அதைக் கீழே ஓடவிட்டு, மேலே அக்கார்டியனை வாசிப்பான். இன்னொரு கலைஞன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

தொல்லைகளும் இருந்தன. வெயில் ஏறினால் சுருதி வழுக்கும். கால் மணிக்கு ஒருதரம் திருகைத் திருப்ப வேண்டும். வியர்வை பட்டால் தகடு தானாகக் கத்தும். தூக்கிப் போகலாம் என்று பெயர்தான்; கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் சுமை. பிளக்கைப் பிடுங்கினால் சீக்வென்சர் எல்லாவற்றையும் மறந்துவிடும். அரை நாள் உட்கார்ந்து கட்டிய மெட்டு ஒரு நொடியில் போய்விடும். அதற்காகவே இரண்டு முறை அழுகிற நிலைக்குப் போயிருக்கிறான்.

பதினோராம் நாள் காலை பிளக்கைச் செருகினான். இன்னும் தகட்டைத் தொடவில்லை.

பெட்டி வாசித்தது.

மூன்றே சுரங்கள். ஒரே சுரம் இரண்டு தடவை. பிறகு ஒரு தயக்கம். பிறகு மேலே ஒன்று. ஏதோ கேள்வி கேட்பதுபோல அந்த மூன்றாவது சுரம் அந்தரத்தில் நின்றது. சற்று நேரம் அமைதி. மறுபடி அதே மூன்று.

முந்தைய நாள் எதையோ விட்டுவைத்திருப்போம் என்று நினைத்தான். பிடுங்கிவிட்டு மறுபடி செருகினான். மறுபடி அது வந்தது. பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது அந்தத் தயக்கம். அன்று மாலையே அதைச் சுற்றி ஒரு மெட்டுக் கட்டினான். குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதற்கடுத்த இரண்டு கச்சேரிகளிலும் பாட்டுக்கு முன்னால் அந்த மூன்று சுரங்களை ஓடவிட்டார்கள். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது.

வீட்டில் வேறொரு தகராறு ஆரம்பித்தது. அவன் மனைவி அஸ்மத்துன்னிசா விடியற்காலையில் வரிசையில் நின்று லாரித் தண்ணீர் நாலு குடம் கொண்டுவருவாள். மேசைக்குப் பக்கத்தில்தான் குடங்களை வைக்க இடம். மெட்டு மறந்துவிடும் என்று கலீமுல்லா வெளியே போகும்போதும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவதில்லை. மத்தியானம் பார்த்தால் ஒரு குடம் பாதியாகியிருக்கும். தரை ஈரமில்லை, குடம் ஒழுகவில்லை. பக்கத்துப் போர்ஷன் சுப்பம்மா எடுக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. பிறகு ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு குடத்தின் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். அன்று கலீமுல்லா வந்ததும் அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அது வாசிக்கும்போதுதாங்க கொறையுது."

அவன் சிரித்து மழுப்பினான். ஆனால் அதற்கு முன்பே வேறொன்றைக் கவனித்திருந்தான். முதல் நாள் அந்த மூன்று சுரங்களுக்கும் அடுத்த மூன்றுக்கும் நடுவே ஒரு பீடி பிடித்து முடிக்கலாம். இப்போது பத்து எண்ணுவதற்குள் வந்துவிடுகிறது.

ஜூன் முதல் வாரம், மயிலாப்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலை ஆறு மணி. வெளிச்சம் இன்னும் போகவில்லை. மூன்று சுரங்கள் ஓட ஆரம்பித்தன. பந்தி நடக்கும் பக்கத்திலிருந்து ஒரு பெண், ஈரச் சேலையும் கரிக் கையுமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மேடைக்கு வந்தாள். கையில் ஒரு சொம்புத் தண்ணீர். வாசிப்பவர்களுக்குக் கொண்டுவருகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் அதைப் பெட்டியின் முன்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் விழித்துக்கொண்டவள்போலத் தன் கையையே பார்த்தாள்.

வேலம்மா.

கச்சேரி முடிந்ததும் பாத்திரம் துலக்கும் இடத்தில் அவளைத் தேடிப் பிடித்தான். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டான்.

"கை பழகிப்போச்சு பாய்," என்றாள். "அது தண்ணி கேக்குது. அம்மா அப்டிதான் கேக்கும்."

பிறகு தாழ்ந்த குரலில் எல்லாம் சொன்னாள். போன வருடம் அக்டோபரில் சுந்தரவல்லிக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். கட்டிலில் அந்தப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். தகட்டை அழுத்தப் பலம் வேண்டியதில்லை அல்லவா. புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஒலி, விளக்கை அணைக்க ஒரு ஒலி. தண்ணீருக்கு இந்த மூன்று. நாலு மாதம் அப்படித்தான் பேசினார்.

அன்றிரவே பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். மறுநாள் பகல் மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. விசிறி சுற்றி ஓய்ந்தது. சந்தில் ஓடிய ரேடியோக்கள் ஒரே நேரத்தில் அடங்கின. வெயிலில் தகரம் நெளியும் சத்தம் மட்டும்.

கட்டிலுக்கடியிலிருந்து வந்தது.

ஒன்று. ஒன்று. மேலே ஒன்று.

பிளக், பெட்டியிலிருந்து கழற்றிச் சுருட்டிய ஒயரோடு அவன் மடியில் கிடந்தது.

இடைவெளியே இல்லாமல் வந்தது. தயக்கம் போய்விட்டது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, தடுமாறி, தகட்டை நகத்தால் பிறாண்டுவதுபோல. அஸ்மத்துன்னிசா காதைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கி ஓடினாள். அவனால் எழுந்திருக்க முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடத்தைப் பார்த்தான், நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது குடம் காலியானபோது ஒலி தளர்ந்தது. மூன்று இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. அந்த ஒன்றும் எப்போதோ ஒரு தடவை, மிக மெல்ல.

அது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நிற்கும்போது தான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினான். அடையாறு வரும்வரை மடிமேல் அது பனிக்கட்டிபோலச் சில்லிட்டிருந்தது.

அய்யாதுரை கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளறைக்குக் கூட்டிப் போனார். மெத்தை எடுத்துவிட்ட வெறும் கட்டில். அதன்மேல் வைக்கச் சொன்னார். வைத்ததும் மூடிக்குள்ளிருந்து அந்த ஒற்றைச் சுரம், உதடு பிரிவதுபோல.

கலீமுல்லா கேட்காமலே அவர் சொன்னார். நாலு மாதம். பகலெல்லாம், ராவெல்லாம் அந்தச் சத்தம். கடையில் இருந்தாலும் காதில் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலம்மா வரவில்லை. அவருக்குத் தூங்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான்.

"பிளக்கைப் பிடுங்கிட்டு மாடிக்குப் போயிட்டேன். ரெண்டு மணி நேரம். எறங்கி வந்து பாத்தா, விரலு தகட்டு மேலயே இருந்துச்சு. வாய் காஞ்சு வெடிச்சிருந்துச்சு. கரண்ட் இல்லாத பெட்டியை அந்த ரெண்டு மணி நேரமும் தட்டியிருக்கா."

கலீமுல்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாட்களாகத் தான் கேட்டது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான். முதலில் பொறுமையாக. பிறகு அவசரமாக. பிறகு...

அய்யாதுரை ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஸ்பூனும் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தார். அத்தனை நாள் ஏங்கி வாங்கிய பெட்டி அது. தண்ணீர் பட்டால் போயிற்று. கலீமுல்லாவின் கை தன்னையறியாமல் தடுக்க நீண்டது. பிறகு பின்வாங்கியது.

ஒரு ஸ்பூன் தகட்டின்மேல் விட்டார். தண்ணீர் வழியவில்லை. சிதறவில்லை. ஒரு நொடியில் காணாமல் போயிற்று.

அடுத்த ஸ்பூன். அதுவும்.

கிண்ணம் காலியானது. அறை அமைதியானது. வெளியே கிணற்றடியில் காக்கை ஒன்று கத்தியது. அந்த ஒற்றைச் சுரம் திரும்ப வரவில்லை. அய்யாதுரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க போயிருங்க பாய். இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

அவன் போய்விட்டான். வீட்டில் குடங்கள் நிறைந்தபடியே இருந்தன. சுப்பம்மாவோடு சமாதானமாயிற்று. மெட்டு எங்கே போயிற்று என்று குழுவில் கேட்டார்கள். மெஷின் ரிப்பேர் என்றான். அக்கார்டியனுக்குத் திரும்பினான். ஆனால் விரல்கள் எதிலும் தங்கவில்லை. அந்தப் பெட்டியின் காற்றும் கடலும் ரயிலும் நினைவுக்கு வந்து அவனை வதைத்தன. அய்யாதுரை கடையை அக்கா மகனிடம் விட்டுவிட்டார், வெளியே வருவதே இல்லை என்று வேலம்மா ஒருதரம் தெருவில் பார்த்துச் சொன்னாள். தன்னையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம்.

செப்டம்பரில் ரம்ஜான் மாதம். விடியற்காலையிலிருந்து தண்ணீர் படாத தொண்டையோடு கலீமுல்லா வீட்டில் தனியாக இருந்தான். நாலு மணிக்கு யாரோ படியேறி வந்தார்கள். வைரவன் என்று பெயர் சொன்னான் அந்த வாலிபன். அய்யாதுரையின் அக்கா மகன். மாமா இறந்து பதினாறு நாள் ஆகிறது என்றான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார்; கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் உடம்பில் நீரே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். சாமான்களை ஒழித்தபோது பெட்டியின்மேல் இவன் விலாசம் எழுதிய சீட்டு இருந்திருக்கிறது.

வேண்டாம் என்று கலீமுல்லா சொல்வதற்குள் வைரவன் பெட்டியை வாசலுக்குள் வைத்துவிட்டான். உள்ளே எல்லாம் துருவேறிப்போயிற்று, ஒயரைக்கூட எலி கடித்துவிட்டது, பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவன் செருப்புச் சத்தம் சந்தில் கரைந்தது.

கலீமுல்லா பெட்டியைத் தொடாமல் சுவரோரமாக நின்றான்.

ஒன்று. ஒன்று. மேலே ஒன்று. பொறுமையாக, முதல் நாள்போல.

அமைதி.

பிறகு அதே பெட்டிக்குள்ளிருந்து இன்னொன்று. கனமான, கீழான ஒலி. பழக்கமில்லாத விரல் தகட்டில் தடவித் தேடுவதுபோல. நாலு சுரங்கள். இதற்கு முன் அவன் கேட்டதே இல்லை.

சற்றுப் பொறுத்து மறுபடி அதே நாலு.

முதல் குரல் என்ன கேட்கிறது என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது என்ன கேட்கிறது என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை.