தொட்டியை மூடாத பனி

ஊர்த்தலைவி உர்சினா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தபோதே விஷயம் பெரிது என்று கியேரி சோலேருக்குப் புரிந்துவிட்டது. மாநிலக் காவல்துறையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரான வல்மேலாவுக்குத் திரும்பியவர் அவர். அடுப்பில் பார்லி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையருகே கரண்டியும் கையுமாகக் காத்திருந்தாள் ஃப்ளூரினா. மஞ்சள் தபால் பஸ்ஸை ஓட்டுபவள். ஊரில் எது காணாமல் போனாலும் சோலேருக்கு முன்னால் கிளம்பிவிடுவாள்.

"மூணு மணிக்கு ஊர்க்கூட்டம் கியேரி. இன்னிக்கு அடிதடி நடக்கப்போகுது" என்றாள் உர்சினா.

"உட்காருங்க தலைவரம்மா. பனியில சறுக்க வர்றவங்களை மலை மேல ஏத்தற புது லிப்ட் விவகாரம்தானே?"

"வேற என்ன? எழுபது லட்சம் பிராங்க். ஊர்ப்பணம். கணக்குப் போட்டா வீட்டுக்கு முப்பத்தஞ்சாயிரம். பனியே விழாத மலைக்கு லிப்ட் எதுக்குன்னு பாதி ஊர் கேக்குது. லிப்ட் இல்லாட்டி ஊரே இருக்காதுன்னு மீதிப் பாதி கத்துது. அதனாலதான் போன மே மாசம் ஒரு விதி போட்டோம். ஜனவரி பதினஞ்சு காலைல கீழ்ப் புல்வெளிக் கம்பத்துல அறுபது சென்டிமீட்டர் பனி இருந்தா லிப்டுக்கு ஓட்டெடுப்பு. இல்லேன்னா திட்டமே கிடையாது."

"வெள்ளிக்கிழமை பாத்தாச்சே" என்றாள் ஃப்ளூரினா.

"பாத்தோம். நானு, ஊர்சபைல இருக்கிற ஓட்டல்கார ரேதோ, மாட்டுக்காரி பார்லா. எண்பத்திநாலு! மூணு பேரும் கையெழுத்தும் போட்டோம். லிப்டே வேண்டாங்கிற பார்லாகூடப் போட்டா. இன்னிக்குக் காலைல வந்து குதிக்கிறா. கம்பத்துக்குப் பக்கத்துல அவ மாடு தண்ணி குடிக்கிற கல்தொட்டி இருக்கு. அறுபது சென்டிமீட்டர் உயரம். அதோட விளிம்பு வெளிய தெரியுதாம். எண்பத்திநாலு பனி விழுந்தா தொட்டி எப்படித் தெரியும்னு கேக்கறா."

"காத்து அங்க மட்டும் பனியை வாரிட்டுப் போயிருக்கும்" என்றாள் ஃப்ளூரினா.

"இருக்கலாம்" என்று சோலேர் அடுப்பை அணைத்தார். "போய்ப் பாத்துட்டு வந்து சூப் குடிப்போம்."

ஃப்ளூரினாவின் முகம் சூப்புக்காக வாடியதா, பயணத்துக்காக மலர்ந்ததா என்று சொல்வது கடினம்.

பஸ் ரேதோவின் ஓட்டலைத் தாண்டியபோது வாசலில் விருந்தாளிகளுக்காகப் பனி அளவு எழுதி வைத்திருந்த கரும்பலகை தெரிந்தது. 'வெள்ளி, 15. உச்சி 140. கீழ்ப் புல்வெளி 54.'

"ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு, இவருக்கு இன்னும் வெள்ளிக்கிழமையே விடியுது" என்று சிரித்தாள் ஃப்ளூரினா. சோலேர் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

புல்வெளியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பம் நின்றது. இரண்டு நாளில் பனி சற்றே அமுங்கியிருந்தது; கம்பம் எண்பது காட்டியது. சோலேர் மடக்கு அளவுகோலை விரித்துக் கம்பத்தை ஒட்டிப் பனிக்குள் இறக்கினார். ஐம்பது. நாலடி தள்ளி இறக்கினார். நாற்பத்தொன்பது. தொட்டியருகே ஐம்பத்தொன்று.

"காத்து இல்ல" என்றார்.

ஃப்ளூரினா மண்வெட்டியால் வேகவேகமாகத் தோண்டினாள். தரையில் பதித்த இரும்புக் குழாயில் கம்பம் இறங்கியிருந்தது. குழாயின் வாய்க்கு மேலே தெரிந்த முதல் எண் முப்பது.

"அடியை அறுத்துட்டாங்க! ரேதோதான், சந்தேகமே இல்ல!"

"கம்பத்தை நடறது யாரு?"

நடுபவர் லிப்ட் மேஸ்திரி துமாஷ். கொட்டகையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் எதையும் மறைக்கவில்லை.

"ஆமா, முப்பது சென்டிமீட்டர் அறுத்தேன். குழாய்க்குள்ள இருக்கிற பகுதி உளுத்துப்போச்சு. போன நவம்பருக்கு முந்தின நவம்பர்ல. ஓட்டல் பட்டறைலதான் ரம்பம் இருக்கு. ரேதோகூட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டார்." சட்டென்று காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அய்யோ! எண்ணெல்லாம் முப்பது கீழ இறங்கியிருக்குமே! ரெண்டு வருஷமும் பனி விழுந்த பிறகுதான் நட்டேன். அடியைப் பாக்கவே இல்ல கியேரி."

"தெரியும். தப்பு செஞ்சவன் அறுத்த இடத்தை இவ்வளவு சுலபமாச் சொல்ல மாட்டான்" என்றார் சோலேர்.

கூட்டத்துக்கு அரைமணி முன்னால் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் எல்லோரும் கூடினார்கள். பார்லா கையைக் கட்டிக்கொண்டு கதவை அடைத்து நின்றாள். ரேதோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சோலேர் கம்பத்தின் கதையைச் சொல்லி முடித்ததும் ரேதோதான் முதலில் வாயைத் திறந்தார்.

"துமாஷே கவனிக்கல. மறுமுனையைப் பிடிச்சவனுக்கு என்ன தெரியும்? நானும் எண்பத்திநாலுன்னுதான் நம்பினேன்."

"அப்படியா? வெள்ளிக்கிழமை கம்பம் காட்டினது எண்பத்திநாலு. அதே நாள் உன் ஓட்டல் பலகைல நீ எழுதினது அம்பத்திநாலு. இன்னிக்கு நான் அளந்தேன். கம்பத்துக்கும் நிஜத்துக்கும் சரியா முப்பது வித்தியாசம். நீயும் சரியா முப்பது கழிச்சிருக்கே. லிப்ட் கேக்கற ஓட்டல்காரன் பனியைக் கூட்டிச் சொல்லுவான், குறைச்சுச் சொல்லுவானா?"

சோலேர் உர்சினாவின் பக்கம் திரும்பினார்.

"மே மாசம் மேல் கணவாய்ல இருக்கிற பனி அளக்கற கருவியை விட்டுட்டு, இந்தக் கம்பத்தையே வச்சு அளக்கணும்னு சொன்னது யாரு தலைவரம்மா?"

"ரேதோதான்" என்றாள் உர்சினா மெல்ல.

"அப்புறம் ஏன்யா பலகைல உண்மையை எழுதினே?" என்று பார்லா வெடித்தாள்.

"குழந்தைங்க வருது பார்லா" என்றார் ரேதோ. "எண்பதுன்னு நம்பி வேகமா இறங்கினா அடியில இருக்கிற கல்லுல மோதும். ஊர்கிட்டப் பொய் சொல்ல முடிஞ்சுது, அதுங்ககிட்ட முடியல. லிப்ட் வந்தாதான் ஓட்டலை எடுத்து நடத்துவேன்னு என் பொண்ணு சொல்லிட்டா. பதினெட்டு பேர் என்கிட்ட வேலை பாக்கறாங்க. வேற வழி தெரியல."

"கூட்டத்துல நான் சொல்லலாம்" என்றார் சோலேர். "நீயே சொன்னா உனக்கு நல்லது."

ரேதோ சொன்னார். நூற்றிருபது பேர் நிறைந்த கூடத்தில், தொப்பியைக் கசக்கியபடி, ஒன்றையும் விடாமல் சொன்னார். ஊர்சபைப் பதவியிலிருந்து விலகுவதாகவும் சொன்னார். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். உர்சினா மேசையைத் தட்டி, விதிப்படி புது லிப்ட் திட்டம் கைவிடப்பட்டது என்று அறிவித்தாள்.

அப்போது பார்லா எழுந்தாள். ரேதோவுக்கு இன்னும் கொஞ்சம் திட்டு விழப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"லிப்ட் வேண்டாம்னு நான் என்னிக்கும் சொல்லல. எழுபது லட்சம் வேண்டாம்னுதான் சொன்னேன். மேல என் மேய்ச்சல் நிலத்துல ஏப்ரல் வரைக்கும் பனி நிக்குது. அங்க கிடக்கிற பழைய இழுவை லிப்டைச் சரிபண்ண மூணு லட்சம் போதும்னு துமாஷ் சொல்றார். குழந்தைங்க சறுக்கக் கத்துக்க அது தாராளம். நிலத்துக்கு வாடகை வேண்டாம். பனிக்காலத்துல என் மாடு ஒண்ணும் அங்க மேயப்போறதில்ல."

கூடம் சிரித்தது. இரண்டு வருடமாகப் பேசாதிருந்தவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். உர்சினா கையைத் தூக்கச் சொன்னாள். ஃப்ளூரினா வரிசை வரிசையாக எண்ணி வந்து, "நூத்திப்பதினொண்ணு!" என்று கத்தினாள்.

கடைசி பெஞ்சில் ரேதோ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பார்லா போய், "நகருங்க" என்று இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவருடைய முழங்கையைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு ஃப்ளூரினா" என்றாள். "இதையும் சேத்துக்கோ."