கீலுக்குப் பின்னால்

துருப்பிடித்த இரும்பைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் ஏழை வீட்டுக்குத்தான் போகவேண்டும். வசதியுள்ளவர்கள் வீட்டு ஜன்னல் கம்பி, கேட், மொட்டைமாடிப் படி எல்லாம் பளபளவென்று மின்னும். அமாவாசைக்கு அமாவாசை ஆள் வைத்துத் தேய்த்துவிடுவார்கள். அழகுக்காகத் தேய்க்கிறார்கள் என்று நினைத்தால், நீங்கள் இந்தக் காலத்து ஆள் இல்லை.

துருவாசிப்பான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. துரு ஒரேயடியாக ஏறுவதில்லை. ஒவ்வொரு நாள் பனிக்கும் ஒரு படலமாக அடுக்கடுக்காக ஏறுகிறது. அன்றைக்குக் காற்றில் இருந்த புகை, வாயு, வியர்வை, தெறித்த ரத்தம் எல்லாவற்றையும் அந்தப் படலம் உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. வாசிப்பான் பல் டாக்டரின் துளைக்கருவி மாதிரி இருக்கும். தலைமுடியில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குத் துருவைச் சுரண்டி, அந்தத் தூளை ஆராய்ந்து, தேதிவாரியாகச் சொல்லிவிடும். ஒரு தடவைதான் சொல்லும். வாசித்து முடித்த இடத்தில் வெறும் இரும்புதான் மிஞ்சும்.

நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொண்டபோது சனங்களுக்கு ஏக சந்தோஷம். வேலிக்கு ஓணான் சாட்சி என்ற காலம் போய், வேலியே சாட்சி சொல்ல வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சாட்சியை அழிக்க ஒரு கிரைண்டர் போதும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தேய்ப்பது குற்றமும் இல்லை. சட்டப்படி அதற்குப் பெயர் பராமரிப்பு.

விண்ணரசிக்கு அந்தப் பராமரிப்புதான் பிழைப்பு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தேய்ப்புக் குழுவில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள். கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்பாள். அவள் அண்ணன் செலஸ்தீன் அதே ஆலையில் குளோரின் அறையில் இருந்தான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மதியவேளையில் அந்த அறையில் வாயு பரவி, செலஸ்தீனோடு சேர்த்துப் பதினோரு பேர் செத்துப்போனார்கள். அவசரக் கதவுக்கு உள்பக்கம் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வந்தார்கள், வால்வைத் தவறாகத் திறந்துவிட்டார்கள், போதையில் கதவைத் திறக்கத் தெரியவில்லை என்று ஆலை அறிக்கை விட்டது. வாயு கசிந்த பக்கத்து முன்வாசல் வழியாகப் பிணங்களை எடுத்த கையோடு வெளியூர் ஆட்களை இறக்கி, குழாய், சட்டம், கதவு என்று ஓர் இரும்பு விடாமல் தேய்த்து வண்ணமும் அடித்துவிட்டது. உள்ளூர்க் குழுவை அன்றைக்கு வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

செலஸ்தீன் பொட்டுச் சாராயம் தொடாதவன். ஒரு மாதமாகவே குழாய் இணைப்பில் வாயு கசிகிறது, நெஞ்சு எரிகிறது என்று இருமிக்கொண்டே சொன்னான். ஆனால் ஊரே அந்த ஆலைத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அவன் மனைவி பிரகாசி பூசை முடிந்து வெளியே வந்தால், குடிகாரன் பெண்டாட்டி என்று காதுபடவே சொன்னார்கள். அவள் பூசைக்குப் போவதையே விட்டுவிட்டாள். விண்ணரசியால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு ஒன்று தெரியும். தேய்ப்பு வேலையில், கை எட்டாத இடத்துக்கு வண்ணம் என்று ஒரு வழக்கம் உண்டு. கதவுக் கீலின் பின்புறம் சட்டத்தை ஒட்டியே இருக்கும், அங்கே கிரைண்டர் நுழையாது. கதவைக் கழற்றித் தேய்த்தால் அரை நாள் போய்விடும். மேலிடம் கொடுப்பதோ கதவுக்கு ஒரு மணி நேரம். ஆகவே துருவின் மேலேயே வண்ணத்தை அப்பிவிட்டு, 'முழுமையாகத் தேய்க்கப்பட்டது' என்று கைரேகை வைத்துவிடுவார்கள். உள்ளூர் ஆளென்ன, வெளியூர் ஆளென்ன, இதில் எல்லோரும் ஒரே ரகம். பதினான்கு மாதத்துக்கு முன் அந்த அவசரக் கதவுக்கு அவளே அப்படித்தான் வண்ணம் அடித்தாள். உப்புக்காற்றில் அது இரண்டே மாதத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஏறிய துரு, வெளியூர்க்காரர்கள் அடித்த புது வண்ணத்துக்கு அடியில் இன்னும் பத்திரமாக இருக்கும்.

இதை அவள் பிரகாசியிடம் சொன்னாள். பதினோரு குடும்பமும் சேர்ந்து மனுப் போட்டார்கள். நீதிமன்றம் கீலை வாசிக்க உத்தரவிட்டது.

வாசிக்கிற நாளன்று காலை எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் கோமதிநாயகம் விண்ணரசியைக் கூப்பிட்டு அனுப்பினார். அதிகாரி பத்து மணிக்கு வருவதற்குள் கதவைக் கழற்றி வைக்க வேண்டுமாம். நீதிமன்ற முத்திரையைத் தாழ்ப்பாளில் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழிக்காமலே கீல் பக்கமாகக் கதவைக் கழற்றலாம் என்பது முத்திரை வைத்தவர்களுக்குத் தெரியவில்லை.

அவள் கீல் ஆணியைத் தட்டினாள். அசையவில்லை. எண்ணெய் விட்டுத் தட்டியும் அசையவில்லை. கடைசியில் சம்மட்டியை எடுத்து ஓங்கி ஒன்பது அடி அடித்த பிறகுதான் ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு மேலே வந்தது. கீலுக்குப் பின்னால் துரு விரற்கடை கனத்துக்குப் பருத்துப்போய், சட்டத்தையும் கதவையும் ஒன்றாகக் கவ்வியிருந்தது.

அவள் சம்மட்டியைக் கீழே வைத்தாள். சாட்சி இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்தாளே தவிர, அந்தச் சாட்சி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. செலஸ்தீனுக்குக் கதவைத் திறக்கத் தெரியாமல் இல்லை. பதினோரு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் இருப்பார்கள்.

கோமதிநாயகம் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கிரைண்டரைப் பிளக்கில் மாட்டி அவள் காலடியில் வைத்தார்.

"ஒன்னய நாங்க யாரும் குத்தஞ் சொல்லல. ஆனா இது பேசுச்சுன்னா எங்களுக்குக் கொஞ்சம் சிரமம். ஒனக்கு மொத்தமும் சிரமம். ரெண்டு நிமிச வேல" என்றார். பிறகு வெளியே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விண்ணரசி கிரைண்டரை எடுத்து ஓடவிட்டாள். அந்தச் சத்தத்தில்தான் அவள் வாய்விட்டு அழுதாள். தேய்த்துவிட்டால் அண்ணனைக் கொன்றவள் யாரென்று எவருக்கும் தெரியாது, மைனி பிரகாசிக்குக்கூடத் தெரியாது. மைனி சாகும்வரை குடிகாரன் பெண்டாட்டியாகவே இருப்பாள். அவ்வளவுதான். பிரஷைத் துருவுக்கு நான்கு விரல் தூரம்வரை கொண்டுபோனாள். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். பத்து மணிவரை எழுந்திருக்கவில்லை.

வாசிப்பு அதிகாரி தில்ஷாத் அதிகம் பேசாத பெண். நான்கு மணி நேரம் குனிந்தபடியே வாசித்தாள். விபத்துக்கு முந்தைய நாற்பத்தொரு நாளும் துருவில் குளோரின் இருந்தது, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. சாராயத்தின் வாடைகூட எந்தப் படலத்திலும் இல்லை. அடியில் பதினான்கு மாதப் பழைய வண்ணத்தின் மிச்சமும், அதற்கும் அடியில் தேய்க்காமல் விட்ட துருவும் இருந்தன. அதை எழுதும்போது தில்ஷாத் விண்ணரசியை நிமிர்ந்து பார்த்தாள். எழுதாமல் இருக்க முடியாது என்று மட்டும் சொன்னாள்.

ஆலை வக்கீல் இப்போது அப்படியே மாற்றிப் பேசினார். கசிந்தது கொஞ்சம் வாயுதான், கதவு திறந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். கதவுக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்பதற்குக் காகிதம் எதுவும் இல்லை. முழுமையாகத் தேய்த்ததாக வைத்த கைரேகை இருந்தது. இறந்தவர்கள் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. ஆலைக்கு எச்சரிக்கை, விண்ணரசிக்கு ஏழு வருடம்.

நீதிமன்றப் படியில் பிரகாசி அவளுக்காகக் காத்திருந்தாள். காவலர்கள் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்றார்கள்.

"அவுக குடிச்சிட்டுச் சாகலன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு ஒனக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்றாள் பிரகாசி. "வெளிய வந்தா என் வாசப்படி மிதிச்சிராத."

விண்ணரசி சரி மைனி என்றாள்.

அந்த வருடமே அரசாங்கம் ஒரு நல்ல சட்டம் கொண்டுவந்தது. கீல்களின் பின்புறத்தையும் கட்டாயம் தேய்க்க வேண்டும். அதற்கென்று கத்தித் தகட்டைப்போல மெல்லியதாக ஒரு கருவியும் வந்தது, கீல்நாக்கு என்று பெயர். கதவைக் கழற்றவே வேண்டாம். நாடு முழுவதும் அவசரக் கதவுகள் விரலால் தொட்டால் திறந்தன. அதைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது.

பெண்கள் சிறையில் கீல்நாக்கு விண்ணரசியின் கைக்கு வந்தது. நூற்றுத்தொண்ணூறு கதவுகள். இனி ஒரு கதவும் தன் தப்பால் திறக்காமல் போகக்கூடாது என்பது அவள் வைராக்கியம். வண்ண டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் விளக்கடித்துப் பார்ப்பாள், துரு ஒரு பொட்டுத் தெரிந்தாலும் திரும்பத் தேய்ப்பாள். இப்படி ஒரு வேலைக்காரியைப் பார்த்ததில்லை என்று வார்டர்கள் மெச்சினார்கள்.

மூன்றாம் வருடம் ஒரு காலையில், மூன்றாம் அறையை முதலில் முடித்துவிடு என்றார்கள். அறை காலியாக இருந்தது, தரை கழுவி ஈரமாக இருந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. கம்பி, தாழ்ப்பாள், சட்டம், கீல் எல்லாம் தேய்த்தாள். அந்த அறையில் இருந்த பேச்சித்தாய் விடிகாலையில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று மத்தியானம் சோற்று வரிசையில்தான் காதில் விழுந்தது. பேச்சித்தாய்க்கு முப்பது வயதுகூட இல்லை. முந்தின வாரம்தான் வார்டர்களைப் பற்றி நீதிபதிக்குக் கடிதம் எழுதியிருந்தாள்.

சாயங்காலம் வாசிப்பானோடு வந்தது தில்ஷாத்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் பார்த்துவிட்டு, கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே நின்றாள். பிறகு வாசலில் நின்ற விண்ணரசியை அடையாளம் கண்டு கிட்டே வந்தாள்.

"கீலுக்குப் பின்னாலயாவது எதாச்சும் மிச்சம் இருக்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

விண்ணரசி தன் கையிலிருந்த கீல்நாக்கைப் பார்த்தாள்.

"இல்ல மேடம். அங்கயும் முழுசாத் தேய்ச்சிட்டேன்" என்றாள்.